காலர் என்று சீட்டு ஒட்டிய வயர்

கம்ப்யூட்டர் கடைக்காரருக்கு அந்தத் தெருவில் ‘முழுசு’ என்று பெயர். அவரிடம் எதைக் கொண்டுபோனாலும், கீபோர்டில் ஒரே ஒரு பொத்தான் தேய்ந்துவிட்டது என்றாலும், இரண்டு நிமிடம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது சரிப்படாதுங்க, முழுசா மாத்திடணும்” என்பார். பேராசையால் சொல்வதில்லை. பழைய பொருள் ஒன்றும் புதிய பொருள் ஒன்றும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்யும் என்பதை அவரால் நம்ப முடியவில்லை, அவ்வளவுதான். உலகத்தில் பாதிப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். அவர் அதைக் கடை வைத்து நினைத்தார்.

சனிக்கிழமை மதியம் அவர் முன்னால் வந்து நின்றவள் சட்டை தைக்கும் தொழிற்சாலையில் லைன் சூப்பர்வைசர். கழுத்தில் தொங்கிய அளவு டேப்பைக் கழற்ற மறந்து அப்படியே வந்திருந்தாள். அவளுடைய லைனில் நாற்பத்திரண்டு பெண்கள். அவர்கள் ‘லைனக்கா, லைனக்கா’ என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, இப்போது தெருவிலும் அதுதான் பெயர். வயது நாற்பத்தெட்டு.

“ப்ராசஸர் எந்த வருஷத்துது?” என்றார் முழுசு.

“ஒன்பது வருஷம் ஆச்சுண்ணே. பொண்ணு காலேஜ் சேரும்போது வாங்கினது.”

“இந்த கார்டு போன மாசம் வந்தது.” கிராபிக்ஸ் கார்டு இருந்த அட்டைப்பெட்டியைக் கவுண்டர் மேல் வைத்தார். வைத்தாரே தவிர, கையை எடுக்கவில்லை. “அந்தக் கிழத்தோட இதைக் கட்டி வச்சீங்கன்னா, அது மூச்சு வாங்கும், இது பக்கத்துல உட்கார்ந்து கொட்டாவி விடும். சொல்லிட்டேன். முழுசா…”

“முழுசா மாத்தணும்னா முதல்ல என் சம்பளம் முழுசா மாறணும். மாட்டினா ஓடுமா ஓடாதா, அதை மட்டும் சொல்லுங்க.”

“ஓடாதுன்னு யாரு சொன்னா? ஓடும். ஓடுறது வேற, ஓட்டம் வேற.”

அவள் போனை எடுத்து, வீட்டுப் பெட்டியின் உள்ளே எடுத்த படங்களைக் காட்டினாள். பவர் சப்ளை எவ்வளவு தாங்கும் என்று எழுதியிருந்த ஸ்டிக்கர் ஒரு படம். கார்டு உட்காரவேண்டிய இடத்தில் டேப்பை நீட்டிப் பிடித்து எடுத்தது இன்னொன்று: முப்பது சென்டிமீட்டர் காலி. முழுசு படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தார். குற்றம் சொல்ல ஒன்றும் கிடைக்காத வருத்தத்தோடு கையை எடுத்தார்.

அவளுடைய வாழ்க்கையைச் சொல்லச் சொன்னால், சொல்வதற்கு ஒன்றும் இல்லை என்பாள். முக்கால்வாசி உண்மைதான். பத்தொன்பது வயதில் அந்தத் தொழிற்சாலையில் பிசிறு நூல் வெட்டும் வேலைக்குச் சேர்ந்தாள். பிறகு பட்டன் துளை, பிறகு கை மூட்டுவது, பிறகு பதினொரு வருடமாக லைன் சூப்பர்வைசர். கணவர் ரொட்டிக்கடையில் மாவு பிசைகிறவர். விடிவதற்கு முன் கிளம்பி, ஊரார் காபி குடித்து முடிப்பதற்குள் வேலை முடிந்து வருகிறவர். ஒரே மகள் படித்து முடித்து வேறு ஊரில் வேலைக்குப் போய்விட்டாள். அவளுடைய கம்ப்யூட்டர் மட்டும் வீட்டோடு தங்கிவிட்டது. அதற்கென்று மேஜை இல்லாததால் பழைய தையல் மிஷினின் மேஜை மேல் வைத்திருந்தார்கள்.

மிச்சமுள்ள கால்வாசி, அவளுடைய தங்கை.

சின்னவள் ஏழு வயது இளையவள். எட்டு வருடங்களுக்கு முன் கடல் தாண்டிப் போய் ஒரு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலையில் இருக்கிறாள். போன புதிதில் வாரம் தவறாமல் போன் வரும். “நல்லா இருக்கியா?” “இருக்கேன். நீ?” “இருக்கேன்.” அதற்கு மேல் இருவருக்கும் பேச்சு வராது. ஒரே படுக்கையில் கால் மேல் கால் போட்டுத் தூங்கி வளர்ந்தவர்களுக்கு, முகத்துக்கு முகம் வைத்துச் சேதி கேட்பது ஏனோ கூச்சமாக இருந்தது. அன்பு நேராகப் பார்த்தால் கண் கூசுகிற பொருள்; அதற்குப் பக்கத்தில் வேறு ஏதாவது வேலை நடந்துகொண்டிருக்க வேண்டும்.

வேலையைக் கண்டுபிடித்தவள் சின்னவள்தான். மலைப்பாதையில் கார் ஓட்டும் ஒரு கேமை அக்காவின் கம்ப்யூட்டரில், தூரத்தில் இருந்தபடியே போட்டுவிட்டாள். இரண்டு பேர் ஆடுவது. ஒருத்தி ஓட்ட வேண்டும். இன்னொருத்தி பக்கத்தில் உட்கார்ந்து பாதையைப் படிக்க வேண்டும். அடுத்து வரும் திருப்பம் இடதா வலதா, எவ்வளவு வளைவு என்பதற்கு ஒரு எண். ஒன்று என்றால் கொண்டை ஊசி, ஆறு என்றால் நேர்ச்சாலை மாதிரி. தங்கை படிப்பாள், அக்கா ஓட்டுவாள்.

நிஜத்தில் அக்கா சைக்கிளைத் தவிர எதையும் ஓட்டியதில்லை. ஆனால் தொழிற்சாலைத் தையல் மிஷினின் பெடலைப் பதினைந்து வருடத்துக்கு மேல் மிதித்த கால் அது. காலர் முனை வரும்போது, ஊசி மூன்று தையல் மட்டும் இறங்கி நிற்கும்படி பாதிக்குப் பாதி மிதிக்கத் தெரிந்த கால். தங்கை வாங்கி அனுப்பிய ஸ்டியரிங், பெடல் செட்டில் பிரேக்கையும் அப்படித்தான் மிதித்தாள். பிரமாதமான ஓட்டுநர் என்று சொல்லிவிட முடியாது. பாதையை விட்டுக் கீழே போகாத ஓட்டுநர்.

ஏழு வருடமாக ஞாயிறு காலை பத்து மணி முதல் பதினொன்று வரை இருவரும் அந்தக் காரில் இருந்தார்கள். பேச்சு தானாக வந்தது.

“இடது மூணு. கல்லு இருக்கு, ஒட்டிப் போகாத. அக்கா, எனக்கு இங்க ஒருத்தரைப் புடிச்சிருக்கு. வலது ரெண்டு, பள்ளம்.”

“பள்ளம் அவரா, ரோடா?”

“ரோடு. ரோடைப் பாரு.”

மார்பில் ஒரு சின்னக் கட்டி, பரிசோதனைக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்று லைனக்கா முதன்முதலில் வாய்திறந்து சொன்னது ஒரு நேர்ச்சாலையில், நாலாவது கியரில். கணவரிடம்கூட அப்போது சொல்லியிருக்கவில்லை. “ரிசல்ட் என்னைக்கு? வலது அஞ்சு, நீளம்” என்றாள் சின்னவள், குரல் மாறாமல். அந்தக் குரல் மாறாததைப் பிடித்துக்கொண்டுதான் அக்கா அந்த வாரத்தைக் கடந்தாள். ரிசல்ட்டில் ஒன்றும் இல்லை.

இப்போது அந்தக் கேமை நிறுத்தப் போகிறார்கள். மாதக் கடைசியோடு பழையது மூடிவிடும்; புதியது வந்துவிட்டது. புதியதில் ஆறு மாதப் பந்தயம், ஜோடி ஜோடியாக. சேரவேண்டும் என்றால் ஞாயிறு காலை பத்து மணிக்கு நடக்கும் தகுதி ஓட்டத்தில் பதினாலு கிலோமீட்டர் மலையை ஒன்பது நிமிடத்துக்குள் கடக்க வேண்டும். ஓட்டுகிறவர் பெயரைக் கடைசியாக மாற்றுவதற்கு ஒன்பதே முக்கால் வரை நேரம். அதற்குப் பிறகு ஆறு மாதத்துக்கு அதுதான் ஜோடி.

அக்காவின் பழைய கார்டில் புதிய கேம் திறக்கவே இல்லை. கறுப்புத் திரையோடு நின்றுவிட்டது.

“அக்கா, உன் மிஷின் தாங்கலைன்னா, எங்க எக்ஸ்ரே ரூம்ல ஒருத்தி ஓட்டுறேங்கறா. அவளோட சேர்ந்துக்கவா?” என்று புதன்கிழமை சின்னவள் கேட்டாள்.

“தாராளமா சேர்ந்துக்கோ” என்றாள் அக்கா. சொல்லி முடித்த பிறகு, வியாழனும் வெள்ளியும் லைனில் யாரையும் அவள் திட்டவில்லை. நாற்பத்திரண்டு பெண்களும் பயந்துபோனார்கள்.

சனிக்கிழமை மாலை பெட்டியைத் திறக்கும்போது கணவர் பக்கத்தில் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றார்.

“அத்தனை வயரையும் கழட்டிட்டு, திரும்ப எது எங்கன்னு எப்படித் தெரியும் உனக்கு?”

“அதுக்குத்தான் இது.” கைப்பையிலிருந்து ஒரு சுருள் ஸ்டிக்கர் எடுத்தாள். தொழிற்சாலையில் வெட்டிய துணிக் கட்டுகளில் ஒட்டுகிற சீட்டுகள். ஒவ்வொன்றிலும் சட்டையின் ஒரு பாகம் அச்சடித்திருக்கும். எந்தப் பொருளையும் சீட்டு ஒட்டாமல் கழற்ற அவளுக்குக் கை வராது. ஒருமுறை சமையலறைக் குழாயைக் கழற்றியபோது வாஷருக்கு ‘கஃப்’ என்று ஒட்டியிருக்கிறாள். வயருக்கு ஒன்று, அது குத்தியிருந்த இடத்துக்கு ஒன்று. ‘இடது கை’ இடது கையோடு சேரும், ‘முதுகு’ முதுகோடு. கையில் வந்த வரிசைப்படி ஒட்டிக்கொண்டே போனாள். மேலே ப்ராசஸரின் விசிறிக்குப் போகும் வயருக்கு ‘காலர்’ வந்தது. கார்டுக்குக் கரண்டு கொடுக்கும் வயருக்கு ‘பாக்கெட்’.

“பொருத்தமாத்தான் வந்திருக்கு. எல்லாம் போனது என் பாக்கெட்லேர்ந்து” என்றார் கணவர்.

“உங்க பாக்கெட்ல மாவைத் தவிர என்ன இருக்கு? டார்ச்சை நேராப் பிடிங்க.”

கார்டு ‘டக்’ என்று உட்கார்ந்தது. அந்தச் சத்தம் அவளுக்குப் பிடித்திருந்தது. பட்டன் துளையில் பட்டன் சரியாக நுழைகிற மாதிரி, கொஞ்சம் முரண்டு பிடித்து, பிறகு இசைந்து. உள்ளே சூடு பார்க்கவேண்டும் என்று பெட்டியின் பக்கத் தகட்டை மூடாமல் விட்டாள்.

கேம் திறந்தது. மலை வந்தது. கணவர், “அடேயப்பா” என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பைன் மரத்தின் ஊசி இலை ஒவ்வொன்றும் தெரிந்தது. சின்னவள் இணைப்பில் வந்து, “என்னக்கா, நிஜமாவே வந்துட்டியா” என்றாள். கிளம்பினார்கள்.

முதல் எட்டு கிலோமீட்டர் ஏதோ போயிற்று. பின்பு கார் விட்டு விட்டு நகர ஆரம்பித்தது. திருப்பத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பினால், ஒரு கண் இமைக்கும் நேரம் எதுவும் நடக்காது. பிறகு எல்லாம் ஒன்றாக நடக்கும். ஒன்பதாவது கிலோமீட்டரில் ஒரு திருப்பம், வேடிக்கை பார்க்கிற ஜனங்கள் இருபக்கமும் ரோட்டில் வந்து நெருக்கி நிற்கிற இடம். “இடது ரெண்டு, கூட்டம்” என்று சின்னவள் படித்த அந்த விநாடியில் படம் அப்படியே உறைந்தது. உருகியபோது கார் பள்ளத்தில் கிடந்தது.

“தூங்கிட்டியா?” என்றாள் தங்கை.

“மிஷின் தூங்கிடுச்சுடி.”

மறுபடி ஓட்டினார்கள். அதே திருப்பம், அதே பள்ளம். பாரம் அதிகமானால் பாரத்தைக் குறைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதுதான் அவளுக்கும் தோன்றியது. படத்தின் தரத்தைக் குறைத்தாள். நிழலை நிறுத்தினாள். இன்னும் குறைத்தாள். பைன் மரங்கள் பச்சைத் துடைப்பங்களாயின. மலை பலமுறை துவைத்த துணி மாதிரி வெளுத்தது. திக்கல் மட்டும் ஒரு நூல்கூடக் குறையவில்லை. மூன்றாவது முறையும் பள்ளம்.

“பார்க்கவும் சகிக்கல, ஓடவும் இல்ல. முழுசு சொன்னது சரியாப்போச்சு” என்றார் கணவர். சொன்ன பிறகு, சொல்லியிருக்க வேண்டாம் என்று முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

சின்னவள், “நாளைக்கு ஒன்பதே முக்கால் வரைக்கும் பார்ப்போம்கா. அவளையும் வரச்சொல்லியிருக்கேன்… சும்மா, ஒரு பாதுகாப்புக்கு” என்றாள்.

“சரிடி. வரட்டும்.”

மறுநாள் காலை எட்டரைக்கு அவள் மறுபடி உட்கார்ந்தாள். நம்பிக்கையோடு உட்கார்ந்தாள் என்று சொல்ல முடியாது. கெட்டுப்போன பீஸை வீசுவதற்கு முன் ஒருமுறை திருப்பிப் பார்க்கிற பழக்கம், அவ்வளவுதான். தனியாக ஓட்டினாள். ஜனங்கள் நிற்கிற திருப்பம் வந்ததும், ஓட்டுவதை விட்டுவிட்டுக் காரை அங்கேயே நிறுத்தி, தலையைத் திருப்பித் திறந்திருந்த பெட்டியைப் பார்த்தாள்.

மேலே ப்ராசஸரின் விசிறி கத்திக்கொண்டு சுற்றியது. கீழே புதுக் கார்டில் இரண்டு பெரிய விசிறிகள், இரண்டுமே சுற்றவில்லை. சூடேறினால்தான் சுற்றும் விசிறிகள் அவை. கார்டுக்கு வியர்க்கவே இல்லை. திரையின் மூலையில் எண்கள் ஓடின: ப்ராசஸர் நூற்றுக்கு நூறு, கார்டு நூற்றுக்கு முப்பத்திநாலு. நேற்றும் அந்த எண்கள் அங்கேதான் இருந்தன. நேற்று அவை அவளுக்கு வெறும் எண்கள். இப்போது, கத்திக்கொண்டு சுற்றிய விசிறியின் காற்றில் அதன் வயரில் ஒட்டிய சீட்டு படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அதில் ‘காலர்’ என்று எழுதியிருந்தது.

அவள் கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்தாள்.

பதினொரு வருடத்துக்கு முன், சூப்பர்வைசரான முதல் மாதம். லைனில் காலர் வைக்கிறவள் அவள் வயதுக்காரிதான், சிடுமூஞ்சி, கை மெதுவானது, ஆனால் அவள் வைத்த காலர் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. டார்கெட் முடியவில்லை என்று மேலிருந்து நெருக்கினார்கள். புதுச் சூப்பர்வைசர் என்ன செய்தாள்? காலர்காரியை விட்டுவிட்டு, மற்ற எல்லாரையும் விரட்டினாள். ‘கை வீசிப் போடுங்கடி, பின்தங்குறது தெரியலையா?’ முன்னால் இருந்தவர்கள் வேகமாகத் தைத்தார்கள். காலர்காரி முன்னால் சட்டைகள் குன்றாகக் குவிந்தன. பின்னால் பட்டன் வைக்கிறவர்கள் வேலை வராமல் நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். காலர்காரி நான்காவது நாள் கத்தரியை மேஜை மேல் வைத்துவிட்டு எழுந்தாள்.

“என் முன்னாடி மலை கட்டாதே. மலையைப் பார்த்தா கை உதறுது. நான் ஒரு மணிக்கு எத்தனை வைப்பேனோ அத்தனை மட்டும் அனுப்பு. சும்மா இருக்கிற அவளுகளுக்கு வேற வேலை கொடு.”

கோபத்தில் சொன்னதுதான். ஆனால் லைனக்கா அன்றிலிருந்து இன்றுவரை செய்துகொண்டிருக்கும் வேலை முழுவதும் அந்த நான்கு வாக்கியத்துக்குள் இருந்தது. லைனின் வேகம் என்பது வேகமானவளின் வேகம் அல்ல, மெதுவானவளின் வேகம். அதை மாற்ற முடியாது. அதற்கு மரியாதை கொடுத்தால் லைன் ஓடும். புதிதாக வரும் சூப்பர்வைசர்களுக்கு இதை வாய் வலிக்கச் சொல்லிக்கொடுத்தவள், சொந்த வீட்டில், தையல் மேஜை முன்னால், நேற்று முழுவதும் பட்டன்காரிகளின் வேலையை, அதாவது படத்தைத் தீட்டும் கார்டின் வேலையை, குறைத்துக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே சும்மா உட்கார்ந்திருந்தவளிடம் போய், பாவம் நீ இன்னும் கொஞ்சம் ஓய்வெடு என்று சொல்லியிருக்கிறாள். தெரிந்த விஷயம் இடம் மாறி வந்தால் அடையாளம் தெரியாமல் போகிறது. அறிவு என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு அது எந்த அறையில் இருந்தது என்கிற ஞாபகம்தான்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தனியாக உட்கார்ந்து, வாய்விட்டுச் சிரித்தாள்.

ரொட்டிக்கடையிலிருந்து திரும்பிய கணவர், கையில் சூடான பன் பையோடு வாசலில் நின்றார். “என்ன ஆச்சு? விட்டுட்டியா?”

“காலர்காரி முன்னாடி மலை கட்டியிருக்கேங்க நேத்து பூராவும்.”

“யாரு, அந்த சிடுமூஞ்சியா? அவ எங்க இங்க வந்தா?”

“வாங்க, உட்காருங்க. பன்னை அந்தப் பக்கம் வைங்க, கீபோர்டுல தூள் விழும்.”

நேரம் ஒன்பது. முதலில் காலர்காரியின் மேஜையைச் சுத்தம் செய்தாள். மகள் கல்லூரிக் காலத்தில் போட்டுவிட்டுப் போன ஏழெட்டு புரோகிராம்கள், கம்ப்யூட்டரைப் போட்டவுடன் தாமாக விழித்துக்கொண்டு பின்னால் ஓடிக்கொண்டிருந்தன. வைரஸ் பிடிக்கிறது மட்டும் இரண்டு. ஒன்றை ஒன்று சந்தேகப்பட்டுக்கொண்டு. ஒன்றை வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் அனுப்பினாள். பிறகு கேமுக்குள் போனாள். ரோட்டோரத்து ஜனம் ஒவ்வொருவரும் எங்கே நிற்கிறார், எப்போது கை தூக்குகிறார், கார் வந்தால் எப்படி ஒதுங்குகிறார் என்று கணக்குப் போடுவது ப்ராசஸரின் தலைவலி. கூட்டம்: இல்லை. காரின் பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் மலையை இன்னொரு முறை காட்டுவதும் அதற்கு வேலைதான். கண்ணாடி: இல்லை. “பின்னாடி யாரும் வரலையே, எதுக்குப் பார்க்கணும்?” என்றார் கணவர். அவருக்கு இப்போது சுவாரஸ்யம் வந்துவிட்டது.

அடுத்து வேகம். இதுவரை மிஷின் நொடிக்கு எழுபது படம் காட்டும், திடீரென்று இருபதுக்கு விழும், மறுபடி ஓடும். விழுகிறபோதுதான் பள்ளம். காலர்காரியால் மூச்சு வாங்காமல் எத்தனை முடியும்? ஐம்பது வைத்துப் பார்த்தாள். நடுவில் கொஞ்சம் தடுமாறியது. நாற்பத்தைந்து, ஒரே ஒரு திருப்பத்தில் இழுத்தது. நாற்பது என்று கட்டிவைத்தாள். அதற்கு மேல் போகவும் கூடாது, கீழே விழவும் கூடாது. நாற்பது, நாற்பது, நாற்பது. விசிறியின் கத்தல் தணிந்து ஒரே சுருதிக்கு வந்தது.

கடைசியாகப் பட்டன்காரி. சும்மா இருந்த கார்டின் தலையில் வேலையை அள்ளிக் கொட்டினாள். படத்தின் தரம் உச்சத்துக்கு. நிழல், மூடுபனி, தண்ணீரில் தெரியும் வானம், எல்லாம். துடைப்பங்கள் மறுபடி பைன் மரங்களாயின. கார்டின் இரண்டு விசிறிகளும் முதல்முறையாக மெல்லச் சுற்ற ஆரம்பித்தன.

“ஏய், பட்டனுக்கு வியர்க்குது” என்றார் கணவர்.

“வியர்க்கட்டும். புதுசுதானே.”

ஒன்பது முப்பத்தாறுக்குச் சின்னவள் இணைப்பில் வந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னொரு பெண் யாரோ பேசுவது கேட்டது.

“வந்துட்டாளா உன் எக்ஸ்ரே ரூம்காரி?”

“வந்துட்டா. மடியில ஸ்டியரிங்கை வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கா, பிள்ளை மாதிரி. நீ என்ன சொல்ற?”

“ஒன்பதாவது கிலோமீட்டர்லேர்ந்து ஆரம்பி. அந்தத் திருப்பத்தை மட்டும் போய்ப் பார்த்துடுவோம்.”

போனார்கள். “இடது ரெண்டு, கூட்டம்” என்று சின்னவள் படித்தாள். அக்காவின் திரையில் அந்தத் திருப்பம் ஈரமும் வெயிலுமாகக் காலியாகக் கிடந்தது. பாதிக்குப் பாதி மிதித்தாள். மூன்று தையல் அளவுக்குக் கார் நின்று, திரும்பி, அந்த இடத்தைத் தாண்டிப் போயிற்று.

“என்னக்கா பண்ணின?”

“அப்புறம் சொல்றேன். பேரை எழுது.”

“யாரு பேரை?”

“போடி இவளே. என் பேரை.”

பத்து மணிக்குப் பச்சை விளக்கு எரிந்தது.

ஓட்டத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நன்றாக நடக்கிற வேலையில் சொல்வதற்கு எப்போதும் குறைவாகத்தான் இருக்கும். மலை ஒரே சீராக அவளை நோக்கி வந்தது. எண்கள் காதில் விழுந்தன, கால் கேட்டது. வேறு ஜோடிகளின் மிஷின்கள் நொடிக்கு நூற்றியிருபது படம் காட்டியிருக்கும். அவளுக்கு நாற்பது. ஆனால் அந்த நாற்பதில் ஒன்றுகூட நேரம் தவறவில்லை. அடுத்தது எப்போது வரும் என்று தெரிந்தால் கைக்கு அது போதும்.

“வலது நாலு, நீளம்… உன் பக்கம் கூட்டம் எப்படி? என் பக்கம் கொடியெல்லாம் ஆட்டுறாங்க.”

“என் பக்கம் ஈ காக்கா இல்லடி. மொத்த மலையும் நமக்குத்தான்.”

“ஐயோ பாவம். இடது ஒண்ணு, கொண்டை ஊசி. யாரும் கை தட்டாமலா ஓட்டுற?”

“பதினொரு வருஷமா லைன் ஓட்டுறேன், யாரு கை தட்டினா?”

சின்னவள் சிரித்ததில் அடுத்த எண் அரை விநாடி தாமதமாக வந்தது. கார் பின்புறம் வழுக்கி, விளிம்பில் கூழாங்கற்களைத் தட்டிவிட்டுத் திரும்பியது. கணவர் ஸ்டூலோடு ஒரு பக்கம் சாய்ந்து, அவரும் திரும்பினார். அதற்குப் பிறகு இருவரும் சிரிக்கவில்லை. கடைசி நேர்ச்சாலை. முடிவுக் கோடு.

எட்டு நிமிடம் ஐம்பத்தேழு விநாடி.

அவள் பக்கம் மலை அமைதியாக இருந்தது. ஒரு பறவை கத்தியது; கேமில் வைத்த பறவை. ஆனால் காதில் மாட்டியிருந்த ஹெட்போனில், கடல் தாண்டி, பெரிய கூச்சல். ஆயிரம் பேர் கத்துவதும், அதற்கும் மேலே ஒரு பெண் குரல் தொண்டை கிழியக் கத்துவதும்.

“யாருடி அது? உன் கூட்டமா?”

“கூட்டம் எங்க இவ்வளவு கத்தும்? இவதான், எக்ஸ்ரே ரூம்காரி. ஸ்டியரிங்கைக் கீழ போட்டுட்டுக் குதிக்கிறா. தன் இடம் போச்சேன்னு ஒரு வருத்தமும் இல்ல பாரு இவளுக்கு. ஓட்டினவங்க முகத்தைப் பார்க்கணுமாம்.”

“முகத்துல என்ன இருக்கு. மாவுதான் இருக்கு.” ஏனென்றால் அதற்குள் கணவர் எழுந்து கை தட்டிக்கொண்டிருந்தார். மாவு படிந்த பன் பையைத் தொட்ட கை. தட்டத் தட்ட வெள்ளைத் தூள் பறந்து, அவள் மேலும் திரை மேலும் படிந்தது. அந்தக் காலி மலையில் வேடிக்கை பார்க்க வந்த ஒரே ஜனம் அவர்.

“தூள் விழும்னு சொன்னேனா இல்லையா” என்றாள். ஆனால் துடைக்கவில்லை.

பத்தேகாலுக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பதினொன்று வரை இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. இருவரும் சொல்லிக்கொள்ளாமலே வேறொரு மலையைத் திறந்தார்கள். பந்தயம் இல்லாத, அவசரமில்லாத ஒரு மலை. கணவர் பன்னை இரண்டாகப் பிய்த்து, ஒரு பாதியை அவள் வாயருகே நீட்டினார். அவள் ஸ்டியரிங்கை விடாமல் கடித்தாள். பக்கத்தில், திறந்த பெட்டிக்குள், மேல் விசிறியும் கீழ் விசிறிகளும் ஒரே சீராகச் சுற்றிக்கொண்டிருந்தன.

“இடது நாலு” என்றாள் சின்னவள். பிறகு, “அக்கா.”

“ம்.”

“உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். பத்து நாளா வச்சிருக்கேன்.”

“சொல்லு.”

“இரு. இந்த வலது ரெண்டு முடியட்டும்.”